அண்ணன் வீட்டுச் சவுக்கு

காலை 7.10. தஞ்சாவூரில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். குத்தாலத்துக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபது ரூபாய். மடியில் துணிப்பை, அதற்குள் தாத்தா சிவசங்கரத்தின் சவுக்கு. "கல்யாணத்துக்காம்மா?" என்று எதிர் இருக்கைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அப்பா கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: "குடுத்துட்டு வாம்மா. யாரோடதுன்னு மட்டும் சொல்லிடாதே."

8.50. குத்தாலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். "வேதமூர்த்தி ஐயா வீடுதானே? வாசல்லயே விட்டுர்றேன், உக்காருங்க" என்றார் டிரைவர். வழிநெடுக நட்டு முடித்த சம்பா வயல்கள்.

வேதமூர்த்தி என் தாத்தாவின் தம்பி. அன்று பண்ணையாள் பிறந்த பண்ணையை விட்டு வேறிடம் போக முடியாது. நேரம் கழித்து வந்தாலே சவுக்கடியில் முதுகு கிழியும். அந்த அடிமைத்தனத்தை எதிர்த்து அவர் ஊர் ஊராக நடந்தார். பண்ணை வீட்டு வாசலில் போய் நின்று, முதலில் சவுக்கைக் கொடுங்கள், கூலியைப் பிறகு பேசலாம் என்பாராம். கைக்கு வரும்வரை நகர மாட்டாராம்.

9.20. அவர் வீடு இப்போது படிப்பகம். சுவரில் வரிசையாகச் சவுக்குகள், ஒவ்வொன்றின் கீழும் கொடுத்த வீட்டுக்காரர் பெயர். பொறுப்பாளர் செல்வி என் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்த வீட்டுதுங்க?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. பரண்ல கிடந்தது."

நாக்கு கூசியது. அவர் டீ வரவழைத்தார். பிறகு வேதமூர்த்தியின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். எந்த ஊரில் யார் கொடுத்தார் என்ற குறிப்புகள். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'அண்ணன் மட்டும் கொடுக்கவில்லை.'

"எங்க தாத்தா அந்த அண்ணன் வீட்டுலதாங்க பண்ணையாளா இருந்தாரு" என்றார் செல்வி, வெகு சாதாரணமாக.

எங்கள் கூடத்தில் அந்த அண்ணனின் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. "இது அவரோடதுதான். நான் அவர் பேத்தி" என்றேன். செல்வி சற்று நேரம் சவுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு அட்டையையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

பகல் 12.15. திரும்பும் ரயிலில் அப்பாவின் போன்.

"பேரைச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்ப்பா."

போனைக் காதிலேயே வைத்திருந்தேன். கும்பகோணமே வந்துவிட்டது.

"பேரைத் தப்பில்லாம எழுதினாங்களா?"

"நான்தாம்ப்பா எழுதினேன்."