அர்ச்சனை யார் பேருக்கு?

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பேச்சும் சின்ன வயதிலிருந்தே திக்கும். நாலு பேர் இருந்தால் வாயே திறக்க மாட்டேன்.

வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். அதற்கு முதல் நாள் அவர் பேரில் அர்ச்சனை செய்யத் திருத்தணி மலைக்குப் போனேன்.

"யார் பேருக்கு?" என்றார் குருக்கள்.

முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. பின்னால் பெரிய வரிசை.

"புருஷனுக்கா ஆயா?" என்றாள் பின்னால் நின்ற பெண். தலையாட்டினேன்.

"அந்தக் காலத்து ஆளு சாமி, புருஷன் பேரச் சொல்லாது. நாம சொல்லிகினே வருவோம், ஆயா தலையாட்டட்டும்."

நான் வெட்கப்படுவதாக நினைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்ல, அதற்கும் பேச வேண்டுமே! முருகனுக்கு உள்ள பேரையெல்லாம் வரிசையே சொன்னது. சரியான பேர் வந்ததும் தலையாட்டினேன்.

"நட்சத்திரம்?"

மறுபடியும் மாட்டிக்கொண்டது.

"அதையுமா சொல்ல மாட்டாங்க?" என்றார் குருக்கள்.

வரிசை அசுவினியில் ஆரம்பித்தது. வீட்டுக்காரருடையதோ கடைசி நட்சத்திரமான ரேவதி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனாலும் குருக்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து, ஒன்று முன்னதாக உத்திரட்டாதிக்கே தலையாட்டிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அன்று எனக்குப் பின்னால் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், எதற்கு ஆட்டினேன் என்று சரிபார்த்துச் சொல்லுங்கள்.