மாமா யாரையும் எறியவில்லை

எங்கள் மாமாவுக்கு ஜூடோ தெரியும் என்பது அவர் ஏணியிலிருந்து விழுந்த அன்றுதான் எல்லோருக்கும் தெரியவந்தது. மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும் என்று அம்மா ஒரு மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை மாமாவே ஏணியைச் சாத்தி ஏறினார். ஏணி சறுக்கியது. கூரை உயரத்திலிருந்து வந்த மனிதர் தரையைத் தொட்டதும் தோளைச் சுருட்டி ஒரு புரள் புரண்டார், உள்ளங்கையால் மண்ணை ஓங்கி அறைந்தார், எழுந்து நின்று வேட்டியைத் தட்டிக்கொண்டார். உடைந்தது ஓடுகள் மட்டும்தான்.

அப்பாவின் ரயில்வே ஆபீஸ் நண்பர் ஒருவர் அப்போதுதான் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். பிளந்த வாயை மூடாமலே, இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். ஜப்பான்காரர்களிடம் என்றார் மாமா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நண்பர் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் ஜூடோவைப் பற்றிப் படமும் கட்டுரையும் பார்த்திருந்தார். மிச்சத்தை அவரே சொல்லி முடித்துவிட்டார். இந்த விஷயத்தில் மாமா ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மாமா அம்மாவின் தம்பி. யுத்தத்துக்கு முன்பு மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தவர். யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் அவரைச் சயாம் நாட்டுக் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாம் முடிந்தபின் மைசூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பாவும் ரயில்வே, மாமாவும் ரயில்வே என்று நான் பள்ளியில் பீற்றிக்கொள்வேன். மாமாவோ வந்த நாள் முதல் பின்னறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் சாப்பிட வருவார். கதவைப் படாரென்று சாத்தினால் எழுந்து விறைப்பாக நிற்பார். மலாயாவைப் பற்றி மாமாவிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது வீட்டில் அம்மா போட்டிருந்த சட்டம். எனக்கு ஒன்பது வயது. கேள்வி கேட்காமல் என்னால் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. ஆனால் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்கே கிள்ளினால் வலிக்கும் என்று படித்துத் தேறியவள். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் நண்பர் விடவில்லை. சுதந்திர இந்தியாவுக்கு ஜூடோ தேவை என்றார். ஒரு ஜூடோ கிளப் ஆரம்பித்துத் தானே அதற்குச் செக்ரட்டரி ஆனார். ரப்பர் ஸ்டாம்பு முதலில் வந்தது, ஆட்கள் பிறகுதான் வந்தார்கள். மாதா கோயில் ஹாலைப் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கி மிஞ்சிய வைக்கோலைக் கோணிப்பைகளில் அடைத்துத் தரை முழுக்கப் பரப்பினார்கள். ஜூடோவுக்குப் பிடித்து இழுக்கத் தோதாகக் கெட்டியான சட்டை வேண்டுமாம். அம்மா மைதா மூட்டைத் துணியில் எட்டுச் சட்டைகள் தைத்துக் கொடுத்தாள். எத்தனை வெளுத்தும் மில்லின் நீல எழுத்து போகவில்லை. ஆபீஸ் கிளார்க்குகளும் ஒரு கம்பவுண்டரும் முதுகில் மைதா மார்க்கோடு வரிசையாக நின்று குனிந்து வணக்கம் போட்டதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மாமா மாறிப்போனார். சனிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். ஒரு நாள் சாப்பாட்டின்போது ரசம் இன்னொரு கரண்டி கேட்டார். அம்மா ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். ரசம் கேட்டதற்கு யாராவது அழுவார்களா என்று நான் அப்பாவிடம் கேட்டேன். போய்ப் பாடம் படி என்றார்.

பயிற்சி என்றால் விழுவதுதான். முதல் மாதம் உட்கார்ந்த நிலையில் பின்பக்கம் விழுந்தார்கள். இரண்டாம் மாதம் நின்றுகொண்டு விழுந்தார்கள். பிறகு வலப்பக்கம், இடப்பக்கம், ஓடிவந்து குட்டிக்கரணம் போட்டு. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள், மூச்சை விடு, தலை தரையில் படுவதற்கு முன் கை படட்டும் என்று மாமா ஒவ்வொருவரிடமும் போய்ப் பொறுமையாகச் சொல்வார். நான் வீட்டுக் கட்டிலில் விழுந்து விழுந்து அதன் ஒரு காலை ஆட்டம் காண வைத்தேன். ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல. ஒரு ஆளைத் தூக்கி எறிவதைப் பார்க்க வேண்டும். எப்போது மாமா எறிவீர்கள் என்று வாராவாரம் கேட்டேன். முதலில் எல்லோரும் ஒழுங்காக விழட்டும் என்பார். ஐந்து மாதம் இப்படியே போயிற்று. அவர் ஒருவருடைய சட்டையைக்கூடப் பிடித்து நான் பார்க்கவில்லை. எறியும் முறையைக் காட்டியே ஆக வேண்டும் என்று செக்ரட்டரி பிடிவாதம் பிடித்தால், அவரையே தன்னை எறியச் சொல்லிவிட்டு மாமா அழகாக விழுவார்.

என் வகுப்பில் ஒரு பயில்வானின் மகள் இருந்தாள். அவள் அப்பா எங்கள் பேட்டையில் கரடி மனை வைத்திருந்தார். கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செம்மண் குழி வெட்டி, எண்ணெய் பூசிக் குஸ்தி பழகும் இடத்துக்கு மைசூரில் அதுதான் பெயர். தசராவில் மகாராஜா முன்னால் தன் அப்பா ஜெயித்த கதையை அவள் தினமும் ஒரு முறையாவது சொல்லுவாள். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. என் மாமா ஆறு பேரை ஒரே நேரத்தில் ஆறு பக்கமாக எறிவார் என்று சொல்லிவிட்டேன். பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பயில்வான் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், பின்னால் இரண்டு சீடர்கள். வாசற்படியில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து வந்து, கன்னடத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார். புது வித்தை என்று குழந்தை சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் உங்களோடு ஒரு கை பிடித்துப் பார்க்கலாமா என்றார். நான் கதவுக்குப் பின்னால் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றேன். மாமா வாயைத் திறக்குமுன், அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த செக்ரட்டரி சம்மதம் சொல்லித் தட்டை வாங்கிவிட்டார்.

அவர்கள் போனதும் அம்மா செக்ரட்டரியிடம் பேசவில்லை, காபியும் கொடுக்கவில்லை. மாமாவிடம் மட்டும் சொன்னாள்.

"வேண்டாம்னு சொல்லி அனுப்பிடலாம்டா. ஒடம்பு சரியில்லேன்னு நானே எழுதித் தரேன்."

"போய்ட்டு வந்துடறேன் அக்கா," என்றார் மாமா. "எனக்கு ஒண்ணும் ஆகாது."

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றுப்போனால் எல்லோரும் சிரிப்பார்கள், கிளப் மூடிவிடும், மாமா மறுபடியும் பின்னறைக்குள் போய்ச் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எல்லாம் என் வாயால் வந்தது. இன்னொரு பக்கம், இந்த ஞாயிறாவது மாமா எறிவதைப் பார்த்துவிடலாம் என்ற ஆசையும் விடவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த ஆசைதான் பெரிதாக இருந்தது.

பூசை முடிந்ததும் ஹால் நிரம்பிவிட்டது. பயில்வான் செருப்பை வெளியே விட்டுத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கரடி மனையில் சாமியைக் கும்பிட்டுத்தான் இறங்குவார்களாம். சுற்றும்முற்றும் பார்த்தவர் சுவரில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்தைக் கும்பிட்டார். இருப்பதில் பெரிய மைதாச் சட்டையை மாட்டினார்கள். கையைத் தூக்கியபோது அது அக்குளில் பர்ரென்று கிழிந்தது. தைத்த அம்மா பெண்கள் பக்கம் நின்றாள், சிரிக்கவில்லை.

மாமா குனிந்து வணங்கினார். பயில்வானும் வணங்கிவிட்டுச் சட்டைக் காலரைப் பிடித்தார். மாமாவின் கைகள் பக்கத்தில் தொங்கியபடியே இருந்தன. அடுத்த நொடி அவர் ஆகாயத்தில் இருந்தார், அதற்கடுத்த நொடி வைக்கோல் மேல். உள்ளங்கை அறைந்த சத்தம் ஹாலில் எதிரொலித்தது. சீடர்கள் கைதட்டினார்கள். குஸ்தியில் முதுகு மண்ணைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. பயில்வான் திரும்பி நடக்கப் போனார்.

மாமா எழுந்து வந்து அதே இடத்தில் நின்றார். மறுபடி வணங்கினார்.

இன்னொரு ஆட்டம் கேட்கிறார் என்று பயில்வான் நினைத்தார். இடுப்பில் கைபோட்டுத் தூக்கிப் போட்டார். மாமா எழுந்து வந்து நின்றார். மூன்றாவது தடவை தோளுக்கு மேலாக. மாமா எழுந்து வந்து நின்றார். முதலில் ஜனங்கள் சிரித்தார்கள், பிறகு விசில் அடித்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக அடங்கினார்கள். இப்போது திருப்பி எறிவார், இதோ இப்போது என்று நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து விரலும் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் யாரும் கூப்பிடாமலே வந்து விறைப்பாக நின்றார். பார்வை பயில்வான் மேல் இல்லை, அவருக்குப் பின்னால் இருந்த சுவரில் இருந்தது.

பதினோராவது தடவை பயில்வான் காலரைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிடியை விட்டார். கன்னடமும் தனக்குத் தெரிந்த தமிழும் கலந்து மெதுவாகக் கேட்டார்.

"யாரு ஸ்வாமி ஒங்கள இத்தன சல, இத்தன தடவ தூக்கிப் போட்டது?"

மாமா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"சயாம்ல ஒரு ஆபீசரு. அவருக்குப் பழகறதுக்கு ஆள் வேணும். தெனம் சாயங்காலம் வேலை முடிஞ்சதும் என்னக் கூப்பிடுவாரு. ஒழுங்கா விழாதவங்க யாரும் ரொம்ப நாள் இருக்கல."

பயில்வான் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்தார். மாமாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு சீடர்களைக் கூப்பிட்டு, நம் கரடியில் கழுத்தெலும்பு உடையாத வருஷம் உண்டா, அடுத்த ஞாயிறு முதல் எல்லோரும் இங்கே வந்து இவரிடம் விழக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். மறு ஞாயிறே ஆறு தடியன்கள் மஞ்சளும் நல்லெண்ணெயும் மணக்க வந்து வரிசையில் நின்றார்கள். செக்ரட்டரி இன்னொரு ரப்பர் ஸ்டாம்பு செய்யக் கொடுத்தார்.

அதெல்லாம் பிறகு. அன்று வீட்டுக்கு வந்ததும் மாமா பின்னறைக்குள் போனார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது. ஐந்து மாதம் காத்திருந்து ஒரு எறிகூடப் பார்க்கவில்லையே. அம்மாவின் சட்டத்தை மறந்துவிட்டுக் கேட்டேன், ஏன் மாமா ஒரு தடவையாவது திருப்பி எறியவில்லை என்று.

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"எனக்கு எறியத் தெரியாது பாப்பா. அது அவரு சொல்லித் தரல."

எனக்கு ஒரே ஏமாற்றம். எங்கள் கணக்கு டீச்சர்கூட மணி அடித்தால் பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த ஜப்பான்காரரும் அந்த மாதிரி ஆள்தான் போலிருக்கிறது, அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் எழுந்து போனாள். ரசம் யாரும் கேட்கவே இல்லையே, இப்போது எதற்குப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மாமா மட்டும் தலையை ஆட்டி, ஆமாம் பாப்பா, பாதியிலேயே போய்ட்டாரு என்றார்.

மறுநாள் பள்ளியில் பயில்வான் மகளிடம், என் மாமாவுக்கு மட்டும் நல்ல வாத்தியார் கிடைத்திருந்தால் உன் அப்பா நிலைமை வேறு என்று சொன்னேன்.