லெஃப்ட் கார்னரில் நான் பிடித்த கால்

மச்சானின் கணுக்காலை முறித்தவன் நான்தான் என்பதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆரணிக் கோட்டை மைதானத்தில் அத்தனை பேர் பார்த்தார்கள். எனக்கு மட்டும் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் அரசுத் துறையின் கபடி டீமில் தற்காலிக ஆளாக இருந்தேன். என் இடம் லெஃப்ட் கார்னர். ரைடு போகிறவனுக்குத்தான் விசில், மாலை, பேப்பரில் படம் எல்லாம். வருகிறவன் கணுக்காலைக் கட்டிப்பிடிப்பதும் அவன் முட்டியில் இடி வாங்குவதும்தான் கார்னர்காரனின் உத்தியோகம்.

என் மனைவி கஸ்தூரியின் தம்பி மணி எங்கள் ரைடர். அவனும் தற்காலிகம்தான். அந்த வருஷம் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம். பட்டுத்தறி நெய்கிற குடும்பத்துக்கு வரப்போகும் முதல் சர்க்கார் வேலை. பேசாமல் இருந்தால் மட்டும் மறந்துவிடுமா?

ஃபைனலில், இரண்டாவது பாதியில், எதிர் டீம் ரைடரின் முட்டி என் நெற்றிப்பொட்டில் இறங்கியது. கோச் ஓடிவந்தார். எங்கள் டீமில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடிபட்டவனிடம் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார்கள். எப்போதும் இரண்டு விரல்தான். ஆளை வெளியே உட்கார வைக்க யாருக்கும் மனசு வராது. அடிபட்டவனுக்கும்தான்.

"எத்தினிடா?"

"ரெண்டு சார்."

"அவ்ளோதான், ஒண்ணுமில்ல. ஜல்தி எழுந்து நில்லு."

அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே மணி அலறிக்கொண்டிருந்தான்.

"யாரு புடிச்சது அவன?" என்று கேட்டேன்.

கஸ்தூரி என்னை வெறித்துப் பார்த்தாள். "இன்னாங்க கேக்கறீங்க? நீங்கதான்!"

எனக்குப் பக்கத்தில் நின்று ஆடிய எல்லப்பன்தான் மிச்சத்தைச் சொன்னான். "பாயிண்ட் எடுத்துகினு லைன தாண்டி நம்ம பக்கம் வந்துட்டாம்பா. எடத்துல போய் நிக்கப் போனவன் கால நீ கட்டிகினு உருண்ட. வுடு வுடுன்னு கத்தறோம், நீ வுடவே இல்ல."

"கோச் கேட்டாரே, கரெக்டாதான சொன்னேன்?"

"அவுரு கையில தண்ணி செம்பு இருந்துச்சி. வெரலே காட்டலப்பா."

காட்டாத விரலை நான் எண்ணியிருக்கிறேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சில மாதங்களில் நிரந்தர ஆர்டர் என் பேருக்கு வந்தது. மணியால் அதன்பிறகு ரைடு போக முடியவில்லை. ஆர்டரைப் படித்த கஸ்தூரி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினாள். மணி கோல் ஊன்றி வாசற்படியில் நின்றிருந்தான்.

"இந்த வேலைக்கோசரம் அவன் கால புடிக்கலன்னு கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணுங்க. அப்பறம் நான் எதுவும் கேக்கமாட்டேன்."

"வுடுக்கா," என்றான் மணி.

வேண்டுமென்று செய்திருக்கமாட்டேன் என்றுதான் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நினைவிலேயே இல்லாத ஒன்றுக்கு எப்படிச் சத்தியம் செய்வது? கை நீளவே இல்லை. கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. கஸ்தூரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்று ஆடுகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். தலையில் அடிபட்டால் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள், வெளியே வந்து உட்கார்ந்துவிடுங்கள். ஆட்டம் போகும், டீமில் இடமும் போகலாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.