மாப்பிள்ளைக்கு ஜாமீன் நின்ற சைனப் பீவி

தேங்காய்ப்பட்டணத்தில் கயிறு திரித்துப் பிழைத்தவள் சைனப் பீவி. அவள் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். பெற்ற உம்மா கொடுத்த வீட்டுக்கு அவள் மாப்பிள்ளை மைதீன் கனி வந்ததும் அப்படித்தான். ஊரறிந்த சங்கதி. ஆனால் வெளியாள் கேட்டால் மட்டும் பெண்டாட்டி வீடு என்று சொல்ல அவருக்கு நாக்கு கூசும்.

1931-ல், சாராயமும் கஞ்சாவும் பிடிக்கிற அப்காரி இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுத் தெருப்பக்கத்து அறையில் ஒரு பொதி கஞ்சாவை எடுத்தார். அங்கே தங்கிப்போன கருவாட்டு வியாபாரி ஒருவன் விட்டுப்போனது.

"யாரு வீடுவே இது?"

"எனக்க வீடுதான்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் மைதீன் கனி. அவ்வளவுதான், விலங்கு மாட்டிவிட்டார்கள்!

தக்கலைப் பக்கத்துக் கோர்ட்டில் வக்கீல் நேசையன் ஜாமீன் கேட்டார். சர்க்கார் வக்கீல் விடவில்லை. "கடக்கரைக்காரன். வள்ளத்துல ஏறினா கொழும்புதான். சொத்துள்ளவன் ஜாமீன் நிக்கட்டும்." அப்காரிக்குப் பயந்து ஊரில் ஒரு ஆண்பிள்ளையும் வரவில்லை.

மூடுவண்டியில் வந்திறங்கினாள் சைனப் பீவி. நேசையன் பதறினார்.

"நீங்க எதுக்கு உள்ள வாறிய? வண்டியிலயே இருங்க."

"நான் வண்டியில இருந்தா அவரு வீட்டுக்கு வருவாரா?"

முக்காட்டை இழுத்துவிட்டு நேரே உள்ளே போனாள்.

"நான் ஜாமீன் நிக்கேன் எசமானே. அந்த வீடு எனக்க வீடு."

"அவன் தனக்க வீடுன்னுல்லா சொல்லியிருக்கான்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"வீறாப்புல சொன்ன பொய்யி. பொண்டாட்டி வீட்டுல கெடக்கான்னு சொல்லிருவாவளோன்னு பயம். அதுல ஒரு ஆணிகூட அவருக்கது இல்ல."

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. கூண்டில் மைதீன் கனி தலையைத் தொங்கப்போட்டார்.

சர்க்கார் வக்கீல் சீறினார். "அப்பிடின்னா உன்னையில்லா பிடிக்கணும்!"

"பிடிங்க. இன்னா நிக்கேன். வீட்டுக்காரிய விட்டுட்டு, அவ வீட்டுல வந்து ஏறினவர அடைச்சது எந்த ஊரு நியாயம்?"

மாஜிஸ்திரேட் கையமர்த்தினார். "அவன் ஓடினா வீடு போயிரும். தெரியுமா?"

அவள் பிறந்த வீடு. நாளைக்கு மகள் ஹபீபாவின் வீடு. ஒரு கணம் கூண்டில் நின்ற மாப்பிள்ளையையே பார்த்தாள்.

"ஓடமாட்டாரு. ஓடினா நானே வள்ளத்துல போயி இழுத்துட்டு வருவேன்."

ஜாமீன் கிடைத்தது!

வெளியே வந்ததும், "ஏட்டி, இப்பிடியா மானத்த வாங்குவ?" என்று முனகினார் மைதீன் கனி.

"ஒங்க மானத்த அடகு வச்சித்தான் ஒங்கள மீட்டேன். ஏறுங்க. கேஸு இன்னும் கெடக்கு."

வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் இளித்தார். "யாரு வீட்டுக்குவே போற?"

மைதீன் கனி வண்டியில் கால் வைத்தபடி திரும்பினார். இந்தத் தடவை நாக்கு கூசவில்லை.

"எனக்க பொண்டாட்டி வீட்டுக்கு!"