விரல் வைத்து ஓதிய யாசீன்

இறைவனிடமிருந்து வந்த என் ராத்தா அவனிடமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்திருக்கும் உங்களுக்காகத் தங்கை நான் இதை எழுதுகிறேன்.

ராத்தா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கண்மூடியதும் பெரியபட்டினத்தில்தான். நாடு சுதந்திரம் பெற்ற வருசம் எங்கள் உம்மா மவுத்தானார்கள். அடுப்பையும் ஓலைப்பெட்டி முடைவதையும் ராத்தா ஏற்றுக்கொண்டு, என்னை மட்டும் தலைவாரி ஓதப்பள்ளிக்கு அனுப்பினார்கள்.

சில வருசம் கழித்துக் கல்யாணம். சங்கு குளிக்கும் மச்சான், சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு விஷக் காய்ச்சலில் சீக்கிரமே போய்விட்டார். நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் ராத்தா இத்தா இருக்கவேண்டும். உட்கார்ந்ததுமே என்னைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு அரபு எழுத்துக் காட்டித் தா. நாப்பதுக்கு அவுகளுக்கு நானே யாசீன் ஓதணும்."

எழுத்துக்கு மேலே கோடு ஜபர், கீழே கோடு ஜேர், மேலே சுழி பேஷ். அதை வைத்தே ஒரே எழுத்து ப, பி, பு ஆகும். நான் சிலேட்டில் எழுத்தை எழுதுவேன்; ராத்தா ஓலை நறுக்கை மேலும் கீழும் வைத்துப் பழகுவார்கள். கொஞ்ச நாளில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மடமடவென்று ஓதினார்கள். பூரித்துப்போனேன். உற்றுப் பார்த்தால் வாய் ஒரு வரியில், விரல் வேறு வரியில்! மய்யித்து எடுக்கும் வீடுகளில் மற்றவர்கள் ஓதக் கேட்டுக் கேட்டு முழுக்க மனப்பாடம்.

"மனப்பாடமா ஓதுனாலும் நன்மைதான ராத்தா?"

"ஊரு வாயில கேட்டது இது. நான் ஓதுனதுன்னு அவுகளுக்கு எப்படிக் குடுப்பேன்?"

மறுநாள் ஓலையில் ஓட்டை போட்டு, எழுத்து எழுத்தாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு, கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் படித்தார்கள். நாக்கு முந்திக்கொள்ளக் கூடாதாம். பிடிவாதத்தில் ராத்தாவை மிஞ்ச ஆளில்லை.

நாற்பதும் வந்தது. ராத்தாவால் இன்னும் கூட்டிப் படிக்க முடியவில்லை. மற்றவர்கள் ஓத, வாய்மூடி இருந்தார்கள்.

"புருசனுக்கு ஒரு யாசீன் ஓத வாய் வரலயே இவளுக்கு" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. ராத்தா மறுநாளும் ஓட்டை ஓலையோடு உட்கார்ந்தார்கள்.

இத்தா முடிந்த காலையில் குளிப்பாட்ட வந்த பெண்களிடம், "சித்த இருங்க" என்று குர்ஆனைத் திறந்தார்கள். ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரல் நகர்ந்தது. மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போதுதான் யாசீன் முடிந்தது. முணுமுணுத்தவளும் எழுந்து போகவில்லை. அதன் பிறகுதான் ராத்தா மச்சானுக்காக வாய்விட்டு அழுதார்கள்.

பெட்டி முடைந்தே பிள்ளைகளைக் கரையேற்றினார்கள். கடைசி மாதங்களில் பார்வை போய்விட்டது. அப்போது பக்கத்தில் இருந்து கஞ்சி ஊட்டிய மருமகளுக்கும், கபுர்க் குழி வெட்டிய பிள்ளைகளுக்கும், பெட்டி வாங்கிய பழக்கத்தை மறக்காமல் உத்தரகோசமங்கையிலிருந்து பஸ் ஏறி வந்த குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி.

ஓதத் தெரிந்தவர்கள் ராத்தாவுக்கு ஒரு யாசீன் ஓதுங்கள். மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் தயவுசெய்து குர்ஆனைத் திறந்து, விரல் வைத்து ஓதுங்கள். நேரமானால் ஆகட்டும், ராத்தா காத்திருப்பார்கள்.