நாற்பது நிமிடம் ஆடாத தலை

முடிவெட்டுகிறவனுக்குக் கை நடுங்கினால், அது முதலில் தெரியவருவது அவனுக்கல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். பாக்கார் ஆராங் ஊரில் என் கடைக்குச் சவரம் செய்துகொள்ள வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தாடி வளர்க்கத் தொடங்கினார்கள். ஏதோ புது மோஸ்தர் வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"தம்பி, இன்னிக்கு முடி மட்டும் போதும்லா. தாடி கெடக்கட்டும்."

"தாடி உங்களுக்கு நல்லாவே இல்லயே அண்ணே."

"உசிரு நல்லா இருக்குல்ல? அது போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தொல்லையே அங்கேதான். ஆரம்பத்திலிருந்தே நான் கடையில் கோமாளி. குடிகாரனைப் போல நாக்குக் குழறிப் பேசிக் காட்டுவது முடிவெட்டலோடு சேர்ந்த இலவசச் சேவை. ஒரு நாள் நிஜமாகவே நாக்குக் குழறியபோது, வரிசையில் இருந்தவர்கள் கை தட்டி இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். என் வாழ்க்கையிலேயே நான் நடிக்காமல் வாங்கிய கைதட்டல் அது ஒன்றுதான்.

சில மாதங்களில் கைதட்டல் நின்றது. நடை கோணியது, தலை தானாக இடது பக்கம் திரும்பியது, கடைவாயில் எச்சில் வழிந்தது. பையன் குடிக்கிறான் என்று பேச்சு கிளம்பி, பாக்கார் ஆராங்கிலிருந்து புக்கிட் செலம்பாவில் இருக்கும் அக்கா வீடுவரை என் மோட்டார் சைக்கிளைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது.

அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த அக்கா ஒருத்திதான். தொழிற்சாலையில் வேலை. என்னைக் கையோடு தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் வாசலில் நிறுத்திச் சோதனை போட்டாள்.

"வாய ஊது."

"போலீஸ்கூட ரோட்டுலதான்க்கா ஊதச் சொல்லுவான்."

"ஊதுடான்னா!"

ஒரு மாதம் ஊதினேன். பூண்டு வாசனைதான் வந்தது. தம்பி குடிக்கவில்லை என்று அவளுக்கு உறுதியானது. அப்படியானால் நரம்புதான் என்று அவளே முடிவு கட்டினாள். வாட்ஸாப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள்: செம்புப் பாத்திரத்தில் இரவு முழுக்க ஊறிய தண்ணீர் நரம்புக்கு நல்லதாம். சுங்கை பட்டாணி டவுனுக்குப் போய்ப் பளபளவென்று ஒரு செப்புச் சொம்பு வாங்கிவந்தாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு தண்ணீர். அது போதாதென்று, கோயில் பூசாரியிடம் சொல்லிச் செப்புத் தகட்டில் மந்திரம் எழுதிச் சுருட்டி, என் அரைஞாண் கயிற்றில் தாயத்தாகக் கட்டிவிட்டாள். நான் மறுக்கவில்லை. ருசியே இல்லாத மருந்தை யார் மறுப்பார்கள்?

அதன் பிறகும் சரியாகாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்களைப் பார்த்தது ஒரு தமிழ் டாக்டர் அம்மா. என் கண்ணில் விளக்கு அடித்து, கருவிழியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் இருப்பதைக் கண்டார். இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்த பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"சாப்பாட்டுல எல்லாருக்கும் கொஞ்சம் செம்பு சேரும். மிச்சத்த கல்லீரல் வெளிய தள்ளிடும். உங்க கல்லீரலுக்குப் பொறந்ததுலேருந்தே அது தெரியல. தேங்கித் தேங்கி மூளைக்குப் போயிருக்கு. ஆமா, செம்புப் பாத்திரத்துல ஏதும் குடிக்கிறீங்களா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள்.

"டாக்டர், நாந்தான்..." என்றவள் அழுதுவிட்டாள்.

"அழாதீங்கம்மா. இது சொம்பால வந்ததில்ல. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வரணும். சொந்தத்துல கல்யாணமா அவங்களுக்கு?"

"சொந்தம்னா சொந்தம், அத்த மகன் மாமன் மகள் டாக்டர்," என்றேன். "வெளிய பொண்ணு கெடைக்காத மூஞ்சி எங்க குடும்பத்துக்கே."

டாக்டர் சிரித்துவிட்டு, சொம்பை மூட்டை கட்டச் சொன்னார். அக்காவுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு நோய் இல்லை. எனக்கு அடுத்ததாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன். நடுக்கமும் கோணலும் மூளையில் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று படம் காட்டும். அதை வைத்துத்தான் இனி வருகிற மாற்றத்தை அளக்க முடியும் என்றார். எனக்கோ வேறு கணக்கு. படம் வந்தால், நான் குடிகாரன் இல்லை என்பதற்கு அச்சடித்த சாட்சி கிடைக்கும்.

படம் எடுக்கும் மலாய்க்காரப் பெண், உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன். மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றியாகிவிட்டதே. கதவருகே வந்த பிறகுதான் இடுப்பில் தாயத்து உறுத்தியது. பிறந்ததிலிருந்து கிடக்கும் கயிறு, அதில் கட்டியது உடம்பில் சேர்ந்ததில்லை என்று யாருக்குத் தோன்றும்? என் நடுங்கும் விரலுக்கு முடிச்சு அவிழவில்லை. திரைக்குப் பின்னால் அக்கா வந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். பிழைப்பே கத்தரிக்கோல், அன்றைக்குப் பார்த்து என்னிடம் ஒன்றுகூட இல்லை.

இவ்வளவும் செய்து எடுத்த படம் வீணாய்ப் போனது. ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் என் தலை இடது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. "ஜாங்ஙான் கெராக், பாங்," ஆடாதீங்கண்ணே என்று அந்தப் பெண் ஒலிபெருக்கியில் கெஞ்சினார். மோட்டாரில் போய்க்கொண்டே எடுத்தது போலப் படம் கலங்கியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம், ஆனால் அதற்கு முறை வரப் பல மாதம். என் கல்லீரல் இருக்கும் நிலையில் டாக்டருக்கு அதில் அவ்வளவு விருப்பமும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, விழித்தபடியே இன்னொரு முறை முயல்வது என்று முடிவானது.

ஆயிரம் தலையைப் பிடித்து "ஆடாத" என்று அதட்டியவன் நான். என் தலை எனக்கு அடங்கவில்லை. கடையைத் திறந்து, என் நாற்காலியில் நானே உட்கார்ந்து, கண்ணாடியில் என்னையே ஒரு வாடிக்கையாளரைப் போலப் பார்த்தேன். துள்ளுகிற பிள்ளைகளுக்கு முடிவெட்டும்போது நான் தலையை அழுத்திப் பிடிப்பதில்லை; அழுத்தினால் இன்னும் திமிறும். தாடையில் இரண்டு விரலை லேசாக வைத்தால் போதும், அடங்கிவிடும். அதையே எனக்குச் செய்து பார்த்தேன். வலது தாடையில் விரல் பட்டதும் தலை நேரே வந்து நின்றது. விரலை எடுத்தேன், திரும்பியது. விரலுக்குப் பதில் சுருட்டிய துண்டை வைத்தேன். நின்றது.

அன்றிலிருந்து அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஆடாமல் படுக்கும் பயிற்சி. தாடையோரம் துண்டு, முழங்கைக்கு அடியில் தலையணை. அந்த இயந்திரத்தின் சத்தம் பழகுவதற்காக அக்கா ரொட்டி டின்னை என் தலைமாட்டில் வைத்துக் கரண்டியால் அடித்தாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேப்பிலைக் கொத்தோடு வந்து நின்றார்.

"எந்தச் சாமிம்மா எறங்கிருக்கு?"

"சாமி இல்ல பெரிம்மா, படம் புடிக்கிறோம்," என்றாள் அக்கா. பெரியம்மா மேசைக்கு அடியில் குனிந்து என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் எனக்கே என் மேல் நம்பிக்கை வந்தது.

இரண்டாம் முறை போனபோது கடைத் துண்டைத் துவைத்து எடுத்துப்போனேன். அந்தப் பெண் அதை உதறிப் பார்த்துவிட்டு அனுமதித்தார். நான் சொல்லச் சொல்லத் தாடையோரம் பொருத்தி, கைகளுக்கு அடியில் அணை கொடுத்தார். உள்ளே போனேன். டமடமவென்று தொடங்கியது. முதல் பத்து நிமிடம் மூக்கு அரித்தது. பிறகு தாடி வளர்த்த வாடிக்கையாளர்களின் முகமெல்லாம் வரிசையாக வந்து சிரிப்பு மூட்டியது. வயிற்றோடு நிறுத்தினேன், கழுத்துக்கு ஏற விடவில்லை. துண்டு தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலை என் பேச்சைக் கேட்டது.

நாற்பது நிமிடம். நான் படுத்திருந்த பலகை வெளியே வந்தபோது அந்தப் பெண், "சந்திக், பாங்!" என்றார். படம் அழகாம். என்னைப் பார்த்து அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. படத்தைத்தான் சொன்னார் என்றாலும் எடுத்துக்கொண்டேன். அடுத்துக் காத்திருந்த, கழுத்து ஆடுகிற சீனப் பெரியவருக்கு அவர் ஒரு துண்டைச் சுருட்டிக்கொண்டு போவதை என் கண்ணால் பார்த்தேன். காலரைத் தூக்கிவிடலாம் என்று பார்த்தால், ஆஸ்பத்திரி அங்கிக்குக் காலர் இல்லை.

டாக்டர் அம்மா திரையில் படத்தைத் திருப்பிக் காட்டினார். மூளையின் நடுவில், இரண்டு காதும் இரண்டு கண்ணுமாக ஒரு பாண்டா கரடி முகம். இந்த நோயில் சிலருக்கு இப்படித் தெரியுமாம்.

"ஒரு கோடுகூட ஆடலயே," என்றார் அவர். "மாத்திரை ஒழுங்கா சாப்புட்டா கெட்டது இதோட நிக்கும், கொஞ்சம் கொஞ்சமா தேறவும் செய்யலாம். இன்னொண்ணு கேக்கணும். இவ்ளோ தெளிவா வந்திருக்கு, படிக்கிற பிள்ளைங்களுக்கு இந்தப் படத்தக் காட்டலாமா? பேர மறச்சிட்டுத்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"பேர ஏன் டாக்டர் மறைக்கணும்? பேரையும் போட்டே காட்டுங்க. என் தம்பி தல இது!"