எரிந்த டாங்கியின் குழல்

பல்செட்டுக்காரர் தங்கமான மனுஷர் என்று யாராவது சொன்னால், அவர் மனைவியே சிரித்துவிடுவாள். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். கடைவாய்ப் பல்லின் பள்ளத்தைக்கூடப் பிசகில்லாமல் செதுக்கும் கை அது. வாய்தான் ஆகாது. எடுத்தெறிந்து பேசாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

வேலை விட்டு வந்தால் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து டாங்கி செய்வார். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் போர் டாங்கி. துண்டு துண்டாக நறுக்கி, அரம் போட்டுத் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிப்பார். பிறகு அடித்த பெயின்டைத் தாமே பாழாக்குவார். உப்பைத் தூவிச் சுரண்டித் துருவை வரவழைப்பார். பல் அச்சு எடுக்கிற மாவைச் சக்கரங்களில் தடவினால் எரிந்த ரப்பரின் சாம்பல் வந்துவிடும். இதற்கெல்லாம் கண்காட்சிகளில் பரிசு வாங்கி அலமாரியை நிரப்பி வைத்திருந்தார். அத்தனை கோப்பையும் அவருக்குக் கசந்தது. காரணம், முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்த மச்சினன்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. நிஜ டாங்கிக்குள் உட்கார்ந்து நிஜ பீரங்கி சுட்டவன். பட்டாளத்தை விட்டு வந்து ஒரு கிடங்கில் காவல் பார்த்துக்கொண்டு அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டான். மாமா எதைச் செய்து வைத்தாலும் அவன் வாயில் வருவது ஒரே வார்த்தை: பொம்மை. அந்த வாயிலிருந்து 'சரியா இருக்கு' என்று ஒரு தடவை வந்துவிட்டால் போதும், அத்தனை கோப்பையையும் குப்பையில் போடப் பல்செட்டுக்காரர் தயார். ஆனால் வாய்விட்டுக் கேட்டுவிடுவாரா? செத்தாலும் கேட்க மாட்டார்.

இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. ஒரே அறையில் இருந்தாலும் எல்லாம் நடுவில் இருக்கிறவள் வழியாகத்தான்.

"உன் தம்பிகிட்ட சொல்லு, ரேடியோவக் குறைக்கச் சொல்லி. கை நடுங்குது."

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, அந்தப் பெயின்ட் தின்னர் நாத்தத்துக்கு எனக்குத் தலை வெடிக்குது. இந்த வயசுல பொம்மை வெச்சு விளையாடுறாராம்."

"தண்டச்சோறு திங்கிறவனுக்குத் தலை வேற வெடிக்குதாமா?"

"ரெண்டு பேரும் என் உயிர வாங்குங்க," என்று அவள் துணி மடித்துக்கொண்டே சொல்வாள். அவள் சொன்னதையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கடைசியில் பல்செட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். சுவரில் மச்சினனின் பழைய போட்டோ தொங்கியது. டாங்கி மேல் நாலு பேர் தோளில் கைபோட்டு நிற்பார்கள். அதே வகை டாங்கியைச் செய்து அவன் மூக்குக்கு முன்னால் வைத்துவிடுவது! பாசமெல்லாம் ஒன்றுமில்லை, வீம்புதான். போரில் அடிபட்டு எரிந்த வண்டியாகச் செய்தார். எரிந்த வண்டியில்தான் பெயின்ட் வேலை தெரியும்.

எல்லாம் முடிந்து, பீரங்கியோடு சுழல்கிற மேல்கூண்டை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. பீரங்கிக் குழலை நேராக வைத்துப் பார்த்தார், விறைப்பாக இருந்தது. வலப்பக்கம் திருப்பினார், பிடிக்கவில்லை. கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பித் தாழ்த்தினார். அடி வாங்கியவன் தலையைத் தொங்கப் போட்டது மாதிரி அமைந்தது. "அம்சமா இருக்கு," என்று தமக்குத் தாமே சொல்லிப் பசை வைத்து ஒட்டிவிட்டார்.

பெயின்ட் காய்ந்த அன்று மனைவிதான் கூப்பிட்டாள். "டேய், உன் வண்டியத்தான் செஞ்சிருக்காரு. ஒரு தடவ வந்து பாரேன்."

மச்சினன் வேண்டா வெறுப்பாக எழுந்து வந்தான். இளக்காரமாகத்தான் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. முன்பக்கத்தில் டிரைவர் ஏறி இறங்குகிற மூடி இருந்தது. அதன் மேலேயே குறுக்கே நின்றது குழல். அந்த இடத்தை விரல் நகத்தால் தொட்டான்.

"யார் சொன்னா உனக்கு?"

அதுவரை எவ்வளவு சண்டை வந்தாலும் அவன் மாமாவை ஒருமையில் பேசியதில்லை.

"எத?"

"டிரைவர் மூடிக்கு மேல குழல் நின்னுச்சுன்னு. நான்தான் திருப்பினேன். சுடுறதுக்குத் திருப்புன நேரத்துல அடி விழுந்துச்சு. கரண்ட் போயி குழல் அப்படியே நின்னுடுச்சு. வண்டி தீப்பிடிச்சிருச்சு. நாங்க மேல் பக்கமா குதிச்சிட்டோம். டிரைவர் உள்ளயிருந்து மூடியத் தூக்குறான், குழல் இடிக்குது. திறக்கல. தட்டிக்கிட்டே இருந்தான். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அக்காகிட்டகூட சொன்னதில்ல. உனக்கு யார் சொன்னா?"

பல்செட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. 'சத்தியமா தெரியாதுப்பா, பாக்க அழகா இருந்துச்சுன்னு வெச்சேன்' என்று சொன்னால் முடிந்தது விஷயம். நுனிநாக்குவரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், தற்செயலாக அமைந்தது என்று ஆகிவிடும். மறுபடியும் பொம்மை ஆகிவிடும். பாழாய்ப்போன கர்வம் முந்திக்கொண்டது.

"விசாரிச்சுத்தான் வெச்சேன். நான் எதையும் சும்மா வைக்கிறதில்ல."

மச்சினன் அவரையே பார்த்தான்.

"சரியா இருக்கு," என்றான். "ரொம்பச் சரியா இருக்கு, மாமா."

முன்னறைக்குப் போய்த் துணிகளைப் பையில் திணித்தான். அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அதைப் பக்குவமாக விலக்கிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

அவள் திரும்பி வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். "நீங்க எங்க போய் விசாரிச்சீங்க? குழல அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்து நீங்க ஒட்டுனப்ப நான் இங்கதானே உட்கார்ந்திருந்தேன்? பஸ் ஸ்டாப்லதான் நிப்பான். போய் உண்மையச் சொல்லுங்க. விஷயம் வெளிய தெரிஞ்சுபோச்சுன்னு அவன் ஆயுசுக்கும் சுமப்பான்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்வரை போனார். தெருக்கோடியில், வெயிலில், பையைக் காலடியில் வைத்துக்கொண்டு அவன் நிற்பது தெரிந்தது. போய்ச் சொன்னால் அவன் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வான். அவருக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார்.

அன்றைக்குப் பார்த்து பஸ் வர வெகுநேரம் ஆயிற்று.